டிமான்ட்டி வீட்டுக்கும் எங்கள் ஏரிக்கும் நடுவே ஒரு லாந்தர்

"அண்ணே, பேய் யாருன்னு சொல்லிட்டா அப்புறம் இன்னா பயம்?"

சித்தப்பா மகன் கேட்டான். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறான். எளாவூர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரும் 'டிமான்ட்டி காலனி 2' பார்த்து முடித்திருந்தோம். மணி பதினொன்றரை. சோதனைச்சாவடிப் பக்கம் வரிசையில் நிற்கும் லாரிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல வரவில்லை. நாலு நாள் யோசித்த பிறகு அவனுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், கதையைத் தொடாமல் இதைப் பேச முடியாது.

'டிமான்ட்டி காலனி' முதல் பாகம் 2015 மே 22ஆம் தேதி வெளியானது. இயக்குநர் அஜய் ஞானமுத்துவுக்கு அதுதான் முதல் படம். அந்தக் காலகட்டத்தில் தமிழில் பேய்ப்படம் என்றாலே கூடவே நகைச்சுவையும் வரும் என்று ஆகிவிட்டிருந்தது. பேயைப் பார்த்து அலறி ஓடும் ஒரு கூட்டம், நடுவில் ஒரு குத்துப்பாட்டு, கடைசியில் சாமி வந்து முடித்து வைக்கும். இவர் அந்தப் பக்கமே போகவில்லை. சென்னையில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நாலு பையன்கள். கையில் காசில்லை, வாழ்க்கையில் பிடிப்பில்லை. ஒரு ராத்திரி விளையாட்டுத்தனமாக டிமான்ட்டி மாளிகைக்குள் போகிறார்கள். ஒருவன் அங்கிருந்து ஒரு நகையை எடுத்து வந்துவிடுகிறான். அதற்குப் பிறகு படம் முழுக்க அந்த வாடகை அறைதான். கதவு திறக்காது. தொலைக்காட்சியில் ஓடும் படத்தில் இருப்பது அவர்களேதான்.

அந்தத் தொலைக்காட்சிக் காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. காரணம் எளிமையானது. அந்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே இருந்து வேலை தேடிச் சென்னைக்குப் போகிற எந்தப் பையனும் அப்படி ஒரு அறையில் இருந்திருப்பான். சுவரில் ஆணி, ஆணியில் சட்டை, மூலையில் பாய்ச்சுருள். அந்த அறைக்குள்ளேயே பேயைக் கொண்டுவந்து உட்காரவைத்தது பெரிய வேலை. இன்னொன்றையும் அந்தப் படம் சரியாகச் செய்தது. டிமான்ட்டி யார், மனைவிக்கு என்ன ஆனது, அந்த நகை எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டது. எப்படி, எதனால், எந்த விதிப்படி என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்தப் படத்துக்கு முன்கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் பாகம் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட படம். முடிவில் மிச்சம் யாரும் இல்லை. தொடர வேண்டுமானால் புது ஆட்களை வைத்து முன்னே போகலாம், இல்லையென்றால் பின்னே போய் 'இதற்கு முன் என்ன நடந்தது' என்று தோண்டலாம். நடுவில் 'இமைக்கா நொடிகள்', 'கோப்ரா' எடுத்துவிட்டுத் திரும்பி வந்த அஜய் ஞானமுத்து இரண்டையும் சேர்த்தே செய்தார். 2024 ஆகஸ்ட் 15, 'தங்கலான்', 'ரகு தாத்தா' வந்த அதே நாளில், முன்கதையும் பின்கதையும் ஒன்றாகப் பின்னிய படமாக இரண்டாம் பாகம் வந்தது.

முதலில் அதன் பலத்தைச் சொல்கிறேன், அதை யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

டெபி. பிரியா பவானி சங்கர் நடித்த பாத்திரம். அவள் கணவன் சாம் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தவன். சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவன் ஒருநாள் தானே உயிரை விட்டுவிடுகிறான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அந்த 'ஏன்' அவளை விடுவதாக இல்லை. செத்தவனிடமே கேட்டுவிடலாம் என்று துறவி ஒருவரின் துணையோடு அந்தப் பக்கத்தின் கதவைத் தட்டுகிறாள். ஒரு பேய்ப்படத்தின் முன்கதைக்கு இதைவிட நியாயமான ஆரம்பம் எனக்குத் தோன்றவில்லை. கடந்த காலத்தை இயக்குநர் தோண்டுவதாக இல்லை, அதைத் தோண்டாமல் சோறு இறங்காத ஒருத்தி தோண்டுகிறாள். அவள் தேடப் போய்த்தான் சாமின் கல்லூரி நூலகமும், அங்கே இருந்த ஒரு புத்தகமும், அதைப் படித்தவர்களுக்கு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரிகிறது. அந்த நூலகப் பகுதிதான் படத்திலேயே உண்மையான பயம் உள்ள இடம். புத்தகத்தைப் படிப்பவன் பக்கத்தைப் புரட்டும்போது நாமும் சேர்ந்து புரட்டுகிறோம். நிறுத்து என்று சொல்லத் தோன்றுகிறது. என்ன ஆகப்போகிறது என்பது முன்பே தெரிந்திருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. முன்கதைக்கு மட்டுமே வாய்க்கும் பயம் அது: முடிவு தெரியும், தடுக்க முடியாது.

முதல் பாகத்து ராத்திரியை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்க வைத்ததும் பிடித்திருந்தது. முன்பு அறைக்குள் இருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். இப்போது வெளியிலிருந்து யாரோ உள்ளே எட்டப் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. பழைய படத்தையே திரும்பப் பார்க்கத் தூண்டும் முன்கதை பாதிக்குமேல் ஜெயித்த மாதிரிதான். நான் மறுநாளே முதல் பாகத்தைத் திரும்பப் பார்த்தேன்.

அப்புறம் பலவீனம். இங்கேதான் தம்பியின் கேள்வி வருகிறது.

ஒரு கட்டத்துக்குமேல் படம் டெபியை விட்டுவிட்டுக் கணக்குக்குள் இறங்குகிறது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சாவு. 2009, அப்புறம் 2015, அப்புறம் 2021. இந்தச் சுழற்சியை எப்படி உடைப்பது, யார் யார் உயிரோடு இருக்க வேண்டும், எந்தச் சடங்கு, எந்த நேரம். ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் நின்று வசனத்தில் விளக்குகிறார். விளக்க விளக்க என் உடம்பிலிருந்து பயம் இறங்கிப்போவதை உணர முடிந்தது. ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று தெரிந்த ஆபத்தை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். மிச்ச ஐந்து வருடம் நிம்மதியாகத் தூங்கலாம். முதல் பாகத்தில் அந்த நாலு பேருக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. எப்போது, யாருக்கு என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு குறை எனக்குத் தனிப்பட்ட முறையில் வலித்தது. அந்த நாலு பேரில் ஒருவனாக முதல் பாகத்தில் முடிந்துபோன சீனிவாசன் இங்கே சாகவில்லை, நினைவிழந்து கிடக்கிறான் என்கிறார்கள். அவனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன், ரகுநந்தன். இரண்டு வேடத்திலும் நடித்திருப்பவர் அருள்நிதி. சொத்துப் பங்கு, உயில் என்று ஒரு கிளைக்கதையும் வருகிறது. அருள்நிதி இரண்டையும் வேறுபடுத்தி நன்றாகவே செய்திருக்கிறார், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2015இல் சீனிவாசனின் சாவுக்காக நான் பட்ட கலக்கத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. முன்கதை சொல்ல வருகிறவர் நடந்து முடிந்ததன்மேல் கை வைக்கக்கூடாது. அதற்கு முன்னால் இருந்ததைக் காட்டலாம், நாம் பார்க்காத பக்கத்தைக் காட்டலாம். நடந்ததையே நடக்கவில்லை என்றால், இனி இந்தப் படத்தில் யார் செத்தாலும் 'அடுத்த பாகத்தில் எழுந்துவிடுவான்' என்றுதான் மனசு சொல்லும். கடைசி அரைமணி நேரத்துக் கணினிப் பேயுருவங்களைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. பெரிய உருவம், பெரிய சத்தம். அந்த வாடகை அறையின் பூட்டு எழுப்பிய பயத்தில் கால்வாசிகூட அதில் இல்லை.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். பேய் யார் என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா?

போகாது. எனக்கு அது உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், எங்கள் ஆயா சொன்ன கதையால்.

ஆயா பிறந்தது ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி தொடங்கிவிடும். எதிர்க்கரையில் ஆந்திராக் குப்பங்கள், அதற்கும் அந்தப்பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. சின்ன வயதில் லீவுக்கு அங்கே போவோம். இருட்டிய பிறகு கரையில் உட்கார்ந்தால் தூரத்தில் தண்ணீர்மேல் தனியாக ஒரு வெளிச்சம் மெதுவாக நகரும். "அது யாரோ ஒருத்தி விளக்கு புடிச்சிக்கினு போறா, அந்தப் பக்கம் கை காட்டாதே" என்பார்கள் பெரியவர்கள். அவ்வளவுதான் தெரியும். எங்களுக்குப் பயம்தான், ஆனால் விளையாட்டுப் பயம். கை காட்டிவிட்டு ஓடுவோம், சிரிப்போம்.

ஒருநாள் ஆயா அந்தப் பெண் யார் என்று சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி. ஆயாவைவிட ரெண்டு வயசு சின்னவள். சுத்து வலைக்குப் போன புருஷன் காற்று தூக்கிய ராத்திரியில் திரும்பவில்லை. மற்ற படகுகள் எல்லாம் கரை ஏறிவிட்டன. இவள் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், "எங்க வூட்டுக்காரரைப் பார்த்தீங்களா" என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஆயா வீட்டு வாசலுக்கு வந்தாள். லாந்தர் இருந்தால் கொடு அக்கா, முகத்துவாரம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன் என்றாள். ஆயா எடுத்துக் கொடுத்தார்.

"அந்த லாந்தர் நம்ம வூட்டு லாந்தர்டா" என்றார் ஆயா.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கை காட்டியதே இல்லை. ஆள் தெரிந்த பிறகு பயம் பல மடங்கானது. அவள் கரைக்கு வந்தால் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும், அதற்கு என்னிடம் பதில் கிடையாது, அவள் கையில் இருப்பது எங்கள் வீட்டுப் பொருள். ஆயா ஒருபோதும் சொல்லாதது ஒன்று உண்டு: அவள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவாள், எதைச் செய்தால் போய்விடுவாள். நாங்கள் கேட்டதுண்டு. ஆயா பதில் சொல்லாமல் வலைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பல வருடம் கழித்து மாமா ஒருவர் அது எதிர்க்கரைக்காரர்களின் இறால் பிடிக்கிற படகு விளக்கு என்று விளக்கினார். எந்த மாதம் வரும், எந்தத் திசையில் நகரும் என்று கணக்கோடு சொன்னார். பயம் ஒரே நிமிடத்தில் போய்விட்டது.

ஆக, பேய்க்கதையின் முன்பக்கத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஆளைச் சொல்லலாம், இல்லை கணக்கைச் சொல்லலாம். ஆளைச் சொன்னால் பயம் ஆழமாகிறது. கணக்கைச் சொன்னால் கரைந்துவிடுகிறது. 'டிமான்ட்டி காலனி 2' டெபியைச் சொல்லும்போது ஆயாவாக இருக்கிறது, ஆறு வருடச் சுழற்சியைச் சொல்லும்போது மாமாவாகிவிடுகிறது. அதன் பலம், பலவீனம் இரண்டும் எனக்கு இப்படித்தான் புரிகிறது.

இதே தராசில் 'சந்திரமுகி 2'வையும் வைத்துப் பாருங்கள். 2005 ஏப்ரல் 14இல் வந்த 'சந்திரமுகி' நமக்கெல்லாம் மனப்பாடம். மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993) தந்த விதைதான். அதன் அழகே பேய் இல்லை என்பதில் இருந்தது. கங்கா என்ற பெண்ணின் மனம் பிளந்து சந்திரமுகி ஆகிறது. அரண்மனைக் கதையாக வேட்டையன் ராஜா, நாட்டியக்காரி, எதிர்வீட்டுக் காதலன் குணசேகரன் என்று கொஞ்சம்தான் சொன்னார்கள். அந்தக் கொஞ்சத்துக்கே ஜோதிகாவின் கண்கள் மிச்சத்தைச் சொல்லிவிட்டன. 2023 செப்டம்பர் 28இல் வந்த இரண்டாம் பாகம் அந்தப் பழங்கதைக்குள் போனது. போனதில் தப்பில்லை, நானே ஆசையோடுதான் போய் உட்கார்ந்தேன். வேட்டையன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அங்கே கிடைத்தது, நாம் வேட்டையன் என்று நினைத்தவன் உண்மையில் செங்கோட்டையன் என்ற தளபதி, ராஜாவைக் கொன்றுவிட்டு அவன் பெயரில் ஆண்டவன் என்ற திருப்பம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்தால், அது பெயர்ப்பலகையை மாற்றுவது மட்டும்தான். அவனுக்குள் அந்த வெறி எங்கே முளைத்தது என்று படம் உட்கார்ந்து பார்க்கவில்லை. சந்திரமுகியாக வந்த கங்கனா ரணாவத்துக்கும் அழகாக நிற்பதைத் தாண்டி வேலை குறைவு. ஊரைவிட்டு, மொழியைவிட்டு, தூக்கி வரப்பட்ட ஒரு நாட்டியக்காரி அந்த அரண்மனையில் முதல் ராத்திரி எப்படித் தூங்கினாள்? அதைக் காட்டியிருந்தால் 2005 படத்தின் ஒவ்வொரு காட்சியும் எனக்குக் கூடுதலாகக் கனத்திருக்கும். அதைவிடப் பெரிய சேதம், இரண்டாம் பாகத்தில் ஆவிகள் நிஜமாகவே வந்துவிட்டதுதான். பேய் இல்லை என்று சொன்ன வீட்டுக்குள் பேயைக் கூட்டி வந்த பிறகு, கங்காவின் நோயும் வலியும் என்ன ஆகின்றன?

ஆளைச் சொல்லி ஜெயித்த படங்கள் வெளியிலும் உண்டு. ஜப்பானில் 'ரிங்கு' படம் 1998இல் வந்தது. கிணற்றிலிருந்து தலைமயிர் முகத்தை மூடியபடி ஏறி வரும் சடாகோவை உலகமே பார்த்து நடுங்கியது. 2000இல் 'ரிங்கு 0' என்ற முன்கதை வந்தது. அதில் சடாகோ ஒரு நாடகக்குழுவில் சேரும் கூச்ச சுபாவமுள்ள இளம்பெண். ஒருவனை நேசிக்கிறாள். தன்னிடம் இருக்கும் சக்தியைக் கண்டு அவளே பயப்படுகிறாள். அவளைச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவள் போய்ச்சேரும் இடம் கிணறு என்பதும் தெரியும். சத்தம் குறைவான படம், அவசரப்படுகிறவர்களுக்குப் பிடிக்காது. அதைப் பார்த்த பிறகு முதல் படத்தில் அவள் கிணற்றிலிருந்து ஏறும்போது பயத்தோடு வேறொன்றும் தொண்டையை அடைத்தது. 'அனபெல்: கிரியேஷன்' (2017) படத்தையும் இந்த வரிசையில் வைப்பேன். முந்தைய 'அனபெல்' படத்தைவிட அதன் முன்கதை நல்ல படம். பொம்மை செய்கிறவரும் அவர் மனைவியும் மகளைப் பறிகொடுக்கிறார்கள். பிள்ளையை எந்த வழியிலாவது திரும்பப் பார்த்துவிட மாட்டோமா என்ற ஏக்கத்தில் எதற்கோ சரி என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் 'சரி' எந்தப் பெற்றோரின் வாயிலிருந்தும் வரக்கூடியது என்பதுதான் பயம்.

டிமான்ட்டிக்குத் திரும்புகிறேன், எனக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்று பாக்கி.

ஜான் டி மான்ட்டி கற்பனைப் பெயர் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன் சென்னையில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வம்சாவளி வணிகர். ஆழ்வார்பேட்டையில் செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டி அவர் பெயரில் காலனி இருக்கிறது. மனைவிக்கு மனநோய் என்றும், மகனை இளம்வயதிலேயே பறிகொடுத்தார் என்றும் சொல்வார்கள். சொத்தைத் திருச்சபையிடம் அறப்பணிகளுக்காக விட்டுச் சென்ற மனிதர். காலனி வீடுகள் பூட்டிக் கிடந்து பாழடைந்ததும் ஊர்வாய் அங்கே பேயைக் குடிவைத்தது. படம் அந்த ஊர்வாயை எடுத்துக்கொண்டு, அவரை நகையைத் தேடிக் கொல்லும் கொடூரனாக்கியது. கதைக்காகச் செய்ததுதான், புரிகிறது. ஆனாலும் இரண்டு பாகம் எடுத்த பிறகும், ஒரு முன்கதையே எழுதிய பிறகும், அந்த வீட்டுக்குள் இருந்த நிஜமான துக்கத்தின் பக்கம் படம் போகவில்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். மனம் கலங்கிய மனைவி, இல்லாமல் போன பிள்ளை, ஊர் மெச்சும் செல்வம், யாரும் பேசாத பெரிய வீடு. இதைவிட ஒரு முன்கதைக்கு என்ன வேண்டும்? மாளிகையின் இருட்டுக்கு ஆறு வருடக் கணக்கு தேவைப்பட்டிருக்காது.

நிஜமான துக்கத்தின் கனம் எனக்குப் புரிந்த இடம் ஒன்று எங்கள் பக்கமே உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வாசல் தூண் இரண்டிலும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு வணிகம் செய்ய வந்தவர்கள், வந்த இடத்திலேயே மண்ணுக்குள் போனார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் முதன்முதலாகப் போனபோது அந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து நண்பர்கள் எல்லாம் கூச்சல் போட்டோம். வளர்ந்த பிறகு போனபோது உள்ளே இருக்கும் கல்வெட்டுகளில் வயதைத் தேடிப் பார்த்தேன். தூரதேசத்திலிருந்து கப்பலில் வந்து, இந்த உப்புக்காற்றில், தெரியாத ஒரு காய்ச்சலில் போன ஒருவருடைய கல்லை நின்று பார்க்கும்போது தூணில் இருக்கும் எலும்புக்கூடு சாதாரணமாகத் தெரிகிறது. கல்லுக்குக் கீழே இருக்கும் ஆள்தான் நம்மோடு பேருந்தில் வீடுவரை வருகிறார்.

மூன்றாம் பாகமும் வருகிறது, அருள்நிதியும் அஜய் ஞானமுத்துவும் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். முதல் நாளே போவேன். இயக்குநரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒரு வாடகை அறையை வைத்து என்னை நடுங்கவைத்தவர் அவர். எனக்கு வேண்டியதெல்லாம் சுழற்சி எப்படி உடையும் என்ற விளக்கம் குறைந்து, டெபி மாதிரி ஒருத்தி கூடுதலாக அரைமணி நேரம் படத்தில் இருக்க வேண்டும் என்பதுதான்.

நேற்று சாயங்காலம் தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். தண்ணீர் குறைந்து சேறு தெரிந்தது. இருட்ட ஆரம்பித்ததும் எதிர்க்கரைப் பக்கம் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. எல்லாம் இப்போது பேட்டரி விளக்கு, வெள்ளை வெளிச்சம். ஆயாவின் கதையை அவனுக்கு முழுசாகச் சொன்னேன், மாமா சொன்னதை விட்டுவிட்டேன். அவன் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. வண்டியை எடுக்கும் வரை சும்மாவே இருந்தான். தார்ச்சாலை ஏறியதும் பின்னாலிருந்து கேட்டான்.

"அண்ணே, அந்த லாந்தர் திரும்பி வந்துச்சா?"